எத்தனையாவது ரக்அத்?

தனியே தொழுகிறவருக்கு மூன்று ரக்அத் முடிந்ததா, நான்கா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அக்கரைப்பற்றில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளையே விடை சொல்லும். குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு இன்னொரு ரக்அத் தொழ வேண்டும். ஸலாம் கொடுக்குமுன் மறதிக்காக இரண்டு ஸஜ்தா. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் இது. கை கட்டி நிற்பவரின் மனம் நெல் விலைக்கோ கத்தாரிலிருக்கும் மகனின் விசாவுக்கோ ஓடிவிடும் என்று தெரிந்தவர்கள் வகுத்த சட்டம்.

2010இல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் கைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்கிற வேலையில் இல்லை. இப்படியான எண்களைக் காட்டி, ஐவேளைத் தொழுகையே அலையும் மனதுக்கு மருந்து என்று பயான்களில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை.

உண்மையான பாதி, உடம்பில் இருக்கிறது. வுழூவின் தண்ணீர், ஸஜ்தா செய்யும் இடத்தில் நிலைகுத்தும் பார்வை, குனிதல், நெற்றி தரையில் படுதல்: மனதை நேரடியாகப் பிடிக்க முயலாமல் அது திரும்பிவரக்கூடிய இடங்களை உண்டாக்கி வைக்கும் ஏற்பாடு. சோறு வைத்திருந்தால் முதலில் சாப்பிடு என்கிறது ஹதீஸ். கோலம் போட்ட போர்வை தொழுகையில் கவனத்தைக் கலைத்ததால் நபியவர்களே அதைத் திருப்பி அனுப்பியதாகவும் புஹாரியில் உண்டு. பசியோடும் பூ வேலையோடும் மல்லுக்கட்டச் சொல்லாத நடைமுறை ஞானம்!

இமாம் கஸ்ஸாலி (1058–1111) ஒரு படி மேலே போகிறார். மரத்தடியில் சிந்திக்க உட்கார்ந்தவன் இரைச்சலிடும் குருவிகளைக் கம்பால் விரட்டிக்கொண்டே இருக்கிறான். அவை திரும்பத் திரும்ப வருகின்றன. குருவிகள் அலையும் எண்ணங்கள், மரம் அவை வந்தடையும் ஆசை. மரத்தையே வெட்டு என்பது அவருடைய ‘இஹ்யா’ நூல் சொல்லும் வழி. தக்பீருக்கு முன்பே கவலைகளைத் தீர்த்துவிட்டு வரவும் சொல்கிறார் அவர்.

இங்கேதான் இடிக்கிறது. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் அம்பாறை மாவட்டத்து விவசாயி எந்தக் கவலையைத் தீர்த்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருக்க முடியும்? வயல்தான் மரமென்றால் அதை வெட்டிவிட்டு எதைச் சாப்பிடுவது?

கலீஃபா உமர், தொழுகையில் நிற்கும்போதே படையை ஆயத்தம் செய்வதாகச் சொன்னதை இமாம் புஹாரி பதிவு செய்திருக்கிறார். பயான்களில் இது அதிகம் கேட்பதில்லை. வரப்போவதை யோசிப்பதெல்லாம் ஈமானின் குறை என்று சொல்கிறவர்களை இந்த ஒரு செய்தி கொஞ்சம் நிதானிக்க வைக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கண்டிப்புக்கு விலை உண்டு. நிய்யத் சரியாக வரவில்லை என்று தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர், கை நனைந்ததா என்று ஹவ்ழடியிலேயே நிற்கிறவர், இவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வஸ்வாஸ், அதாவது மன ஊசலாட்டம், என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சிலருக்கு அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். கவனத்தைக் கண்காணிப்பதே தொழிலாகிப்போன மனம் அது.

இன்னொரு குறை இதற்கு நேர் எதிரானது. நோன்பு மாதத்துத் தராவீஹில் இருபது ரக்அத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்பதை வைத்து இமாமைத் தேடிப் போகிற பழக்கம் இருக்கிறது. வாய் மனப்பாடத்தில் ஓட, மனம் தன் வழியில் போகிறது. அல்ஹம்து சூராவைப் பிழையில்லாமல் ஓதத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அதன் ஏழு வசனங்களின் பொருளை ஒருவரும் தமிழில் சொல்லித் தந்ததில்லை. பொருள் தெரிந்து ஓதுவதையும் கஸ்ஸாலி மருந்தாகச் சொன்னார். மரம் வெட்ட முடியாத விவசாயிக்கும் அது எட்டும். மத்ரஸாக்களில் தஜ்வீதுக்குக் கொடுக்கிற நேரத்தில் கால்வாசி போதும்.