சிரித்தவர்கள்

2001இல், இப்போது நின்றுபோய்விட்ட ஒரு சிறுபத்திரிகையில், ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். அதைப் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்க முடியாது. படம் வெளிவந்த புதிதில் சிங்கப்பூரில் ஒரு தியேட்டரில் என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்கள், சிரிக்கக் கூடாது என்று நான் நினைத்த இடங்களில் சிரித்ததைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் உண்டு. சண்டைப் படங்களிலேயே ஊறி ரசனை மழுங்கிப்போன கூட்டம் என்று அவர்களைக் குறித்திருந்தேன். நண்பர்களும் பாராட்டினார்கள். கூட்டத்தைத் திட்டினால் நம்மிடையே பாராட்டு நிச்சயம்.

2024 ஜூலையில், அந்தப் படத்தில் வில்லியாக வந்த செங் பெய்-பெய் காலமான செய்தியைப் படித்தபோது அந்த வாக்கியம் திரும்ப நினைவுக்கு வந்தது. அது தவறானது மட்டுமில்லை, நாணயக் குறைவானதும் கூட என்று இப்போது படுகிறது. ஏன் என்று சொல்லிவிட வேண்டும்.

2000 ஜூலையில் நான் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானின் அலுவலக நண்பர், சீனர், எங்களைப் படத்துக்கு அழைத்துப் போனார். தம் தாயாரையும் கூட்டிவந்திருந்தார். தியேட்டர் நிறைந்திருந்தது. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்துக்குச் சண்டை கிடையாது. வாள் வீரன் லீ மூ பாய் தியானத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறான். தன் வாளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஒதுங்கப் போவதாக, தான் நேசித்தும் சொல்லாமலிருக்கும் ஷூ லியென்னிடம் சொல்கிறான். அவனாக நடித்த சௌ யுன்-ஃபாட் வாயைத் திறந்த உடனே பின் வரிசையில் சிரிப்பு. மிஷெல் யோ பதில் சொன்னபோது இன்னும் கொஞ்சம். பிறகு இரவு, வாள் திருட்டு, கூரை மேல் கூரையாக இரண்டு பெண்கள் பறந்து துரத்துகிறார்கள், டான் டுன்னின் முரசுகள் தவிர வேறு சப்தமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதும் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சத்தமாகக் கொட்டாவி விட்டார். கடைசியில் அந்தப் பெண் மலைப் பாலத்திலிருந்து பனிமூட்டத்துக்குள் குதித்து மிதந்து போகையில், 'இதற்காகவா இவ்வளவு நேரம்' என்கிற பாவத்தில் பலர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கோபத்தோடு வெளியே வந்தேன்.

காப்பிக்கடையில் அந்த நண்பர் விளக்கினார். சௌ ஹாங்காங்காரர், காண்டனீஸ் பேசுகிறவர். மிஷெல் யோ மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். வசனங்களை ஒலிக் குறிப்பாக மனப்பாடம் செய்து பேசியவர். சாங் சென் தைவான். ஜாங் ஸீயி ஒருத்திதான் பெய்ஜிங். காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பெருவீரன், பள்ளிப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல மாண்டரின் பேசினால் எப்படி அழுவது என்று கேட்டார். அத்தான் எனக்காக மொழிபெயர்த்தார்: "ராஜராஜ சோழன் டெல்லிக்காரன் தமிழில் பேசுகிறான்னு வெச்சுக்கோயேன். நீ சிரிக்காமல் இருப்பியா?"

இருக்க மாட்டேன். ஆனால் நான் அன்று எதையும் கேட்கவில்லை. அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு சௌவின் முகமும், நான் மனசுக்குள் கொடுத்த ஒரு குரலும் மட்டும் இருந்தன. அந்தக் குரல் குறையே இல்லாதது, ஏனென்றால் அது என்னுடையது. அவர்கள் கேட்ட படம் வேறு, நான் படித்த படம் வேறு. இதைக் காப்பிக்கடையிலேயே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் ஊருக்குத் திரும்பி அந்த வாக்கியத்தை எழுதினேன். நாணயக் குறைவு என்று சொன்னது இதைத்தான்.

படத்தைப் பற்றிய எதிர்வினை உலகம் முழுவதும் இப்படியே பிளந்து கிடந்தது. 2000 மே மாதம் கான் விழாவில், போட்டிக்கு வெளியே திரையிட்டபோது, முதல் சண்டை முடிந்ததும் படத்தின் நடுவிலேயே கைதட்டினார்கள். அமெரிக்காவில் 12.8 கோடி டாலர் வசூல். அதுவரை அந்நிய மொழிப் படம் எதுவும் அங்கே அத்தனை ஈட்டியதில்லை. 2001இல் 4 ஆஸ்கர் பரிசுகள். சீனாவிலும் ஹாங்காங்கிலும் உற்சாகம் அதற்கு ஈடாக இல்லை. மெதுவாகப் போகிறது, உச்சரிப்பு சகிக்கவில்லை, புதிதாக என்ன இருக்கிறது என்றார்கள். மேற்கத்தியர்களுக்காகச் சமைத்த பண்டம் என்கிற தீர்ப்பும் வந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. திரைக்கதை அமெரிக்கரான ஜேம்ஸ் ஷாமஸின் ஆங்கிலத்துக்கும் வாங் ஹுய்-லிங், ட்சாய் குவோ-ஜுங் இருவரின் சீனத்துக்குமிடையே பலமுறை போய்வந்து உருவானது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு இரண்டு சௌகரியமான வழிகள் இருக்கின்றன. ஒன்று, நான் 2001இல் எடுத்தது: வெளியூர்க் கைதட்டலை ரசனை என்றும் உள்ளூர்ச் சிரிப்பைப் பாமரத்தனம் என்றும் கொள்வது. மற்றது அதன் தலைகீழ்: சொந்தக்காரன் சிரித்துவிட்டான், ஆகவே படம் போலி என்பது. மொழிபெயர்ப்பில் பெயர் வாங்கிய எழுத்தாளனை நாம் நடத்துகிற விதம் இந்த இரண்டாவது வகை. இரண்டிலும் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை; யார் கைதட்டினார்கள் என்று தெரிந்தால் போதும்.

சிரிப்பையே கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். முதலில் உச்சரிப்பு. கதை சிங் வம்ச காலத்தில் நடக்கிறது. தலைநகருக்கு வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்து சேர்கிற வாள்காரர்கள் எல்லோரும் ஒரே உச்சரிப்பில் பேசியிருப்பார்கள் என்று நம்ப எந்த நியாயமும் இல்லை. ஒரே சீரான மாண்டரின், பள்ளிக்கூடமும் வானொலியும் உண்டாக்கிய எதிர்பார்ப்பு. சிங்கப்பூரில் இது இன்னும் கூர்மை. மாண்டரின் பேசுங்கள் என்று அரசாங்கம் இயக்கம் தொடங்கியது 1979இல். அதற்கு முன்னால் பெரும்பாலான சீன வீடுகளில் ஹொக்கியன், டியோசூ, காண்டனீஸ் போன்றவைதான் பேச்சு. தங்கள் பாட்டிமார் பேசாத ஒரு மொழியின் அளவுகோலைக் கொண்டு, ஏறக்குறைய தங்கள் பாட்டிமார் பேசியிருக்கக்கூடிய உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். நாமும் வேறில்லை. 1959இல் கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியில் எவருமே பேசியிராத நாடகத் தமிழில் முழங்கினான். ஒருவர் சிரிக்கவில்லை, கண்ணீர் விட்டோம். பழகிய செயற்கை நமக்கு இயற்கை, பழகாத இயற்கை நமக்கு விகடம்.

ஆனால் இவ்வளவு சொல்லியும் அந்தச் சிரிப்பைத் தள்ளிவிட முடியாது. காது ஒன்றைக் கேட்டுவிட்டது. ஒரு சொல்லை உணர்ந்து சொல்வதற்கும் ஒலியாகச் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அவர்களுக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. சொல்ல முடியாத காதலைப் பற்றிய படத்தில் இது சின்ன விஷயம் ஆகாது.

இரண்டாவது சிரிப்பு பறப்பதற்கானது. வாள் வீரர்கள் உடலை லேசாக்கிக் கூரை மேல் ஓடுவது சீன வாள் கதைகளில் பழைய மரபு. படத்துக்கு மூலமான வாங் டூலூவின் நாவல் ஐந்து பாகத் தொடரில் நான்காவது. அந்த வாசகர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நம் சித்தர்களின் லகிமா மாதிரி. தெருக்கூத்தில் வேஷக்காரன் களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நாட்டிலிருந்து காட்டுக்குப் போய்விட்டான். நாம் கேள்வி கேட்பதில்லை. பிறகு மரபை அறிந்தவர்களே ஏன் சிரித்தார்கள்?

மரபை அறிந்ததால்தான் என்று இப்போது நினைக்கிறேன். கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஸென்' படத்தில் மூங்கில் காட்டுச் சண்டை ஒன்று உண்டு. 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பப் பரிசு பெற்ற படம். அதில் பாய்ச்சல் துண்டு துண்டாக வரும்; கண் பிடிப்பதற்குள் காட்சி வெட்டப்பட்டுவிடும். பறந்ததை நாம் பார்ப்பதில்லை, பறந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். பின்னால், 1971இல் 'த பிக் பாஸ்' வந்தது. புரூஸ் லீ சண்டையைத் தரைக்கு இறக்கினார். உதை உதையாக இருக்க வேண்டும் என்பது பார்ப்பவனின் உரிமையாயிற்று. ஜாக்கி சான் எலும்பை முறித்துக்கொண்டு அந்த உரிமையைக் காப்பாற்றினார். ஆங் லீயும் சண்டை அமைத்த யுவென் வூ-பிங்கும் செய்தது மூன்றாவது காரியம். நடிகர்களைக் கம்பியில் கட்டி இழுத்து, கம்பியைக் கம்ப்யூட்டரால் அழித்து, பறக்கும் உடம்பை முழுசாக, நிதானமாகக் காட்டினார்கள். மூங்கில் நுனியில் இருவர் ஊசலாடும்போது வெட்டு நம்மைக் காப்பாற்றுவதில்லை. தரையைக் காலால் உந்தாமலே எழும்புகிற உடம்பு அப்பட்டமாகத் தெரிகிறது. ஆயிரம் சண்டை பார்த்த கண்ணுக்கு அங்கே எடை இல்லை. எடை இல்லாதது கனவுக்குப் பொருந்தலாம், சண்டைக்குப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. அந்தச் சிரிப்பில் இருந்தது அந்தக் கேள்வி. என் ஏழு பக்கத்தில் அது எங்கும் இல்லை.

அந்தத் தாயார் சிரிக்கவில்லை. காண்டனீஸ் மட்டும் தெரிந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், மாண்டரின் வசனமும் ஓடாது, அடியில் வந்த எழுத்தும் ஓடாது. இரவில், செங் பெய்-பெய் நடித்த ஜேட் ஃபாக்ஸ் சண்டைக்கு நின்றபோது, அவர் மகனின் கையைத் தட்டி ஒரு பெயரைச் சொன்னார். அதன்பின் அந்த உருவம் வருகிற ஒவ்வொரு தடவையும் நாக்கால் 'ச்சு' கொட்டினார். எனக்கு அப்போது அர்த்தமாகவில்லை. 1966இல் கிங் ஹூவின் 'கம் ட்ரிங்க் வித் மீ' படத்தில், விடுதியில் தனியாக உட்கார்ந்து முரடர்களை எதிர்கொண்ட இளம் வாள்காரி செங் பெய்-பெய். ஷா சகோதரர்களின் அந்தப் படம் வந்தபோது அந்த அம்மாளும் இளம்பெண்தான். முப்பத்து நான்கு வருஷம் கழித்து, அதே உடம்பு யாராலும் மதிக்கப்படாத கிழட்டு வில்லியாக அடிபட்டுச் சாவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? பின்வரிசையில் சிரித்த இளைஞர்களில் எத்தனை பேர்? நான் பார்க்கவில்லை.

ஜேட் ஃபாக்ஸின் கதையையும் நினைவுபடுத்த வேண்டும். வூடாங் மலைக் குரு அவளைப் படுக்கைக்கு ஏற்றார், பெண் என்பதால் வித்தை தர மறுத்தார். அவள் அவரைக் கொன்று சுவடியைத் திருடினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படங்களை மட்டும் வைத்துப் பழகினாள். அவளிடம் ரகசியமாகக் கற்ற ஜென் என்கிற பிரபு வீட்டுப் பெண் எழுத்தையும் படித்தாள், படித்ததை மறைத்தாள், ஆசிரியையை மிஞ்சினாள். எழுத்துத் தெரிந்தும் வழிகாட்ட ஆளில்லாமல் அவளும் கெட்டாள். படம் முழுவதிலும் எனக்கு இன்று கனமாகத் தெரிவது இதுதான். சுவடி ஒன்றுதான். ஒருத்திக்குப் படம் கிடைத்தது, ஒருத்திக்கு எழுத்து. யாருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. அன்றைய தியேட்டரும் அப்படித்தான் இருந்தது. பின்வரிசைக்காரர்களுக்குக் காது, எனக்கு எழுத்து, அந்த அம்மாளுக்கு உடம்பின் ஞாபகம்.

2016இல் இதன் தொடர்ச்சி ஒன்று வந்தது. யுவென் வூ-பிங்கே இயக்கினார். மிஷெல் யோவும் திரும்ப வந்தார். ஆனால் ஆங்கிலத்தில் எடுத்தார்கள். சீனாவில் அதற்கு மாண்டரின் டப்பிங். உச்சரிப்புத் தகராறு தீர்ந்துபோயிற்று. முதல் படத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். சிரிப்பும் வரவில்லை, சிலிர்ப்பும் வரவில்லை. தப்பாகப் பேசிய மொழியில் ஏதோ ஒன்று பணயம் வைக்கப்பட்டிருந்தது. சௌவும் மிஷெல் யோவும் தங்களுக்கு வசப்படாத ஒரு மொழியில் காதலைச் சொல்லத் திணறினார்கள், கதாபாத்திரங்களும் திணறினார்கள். இந்தத் திணறல் படத்துக்குக் கேடா பலமா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க வேண்டுமானால் முதலில் அது காதில் விழ வேண்டும். சிரித்தவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

படம் எனக்கு இன்றும் பெரிய படம்தான். அதில் மாற்றமில்லை. மாறியது வேறு. கூட்டத்தின் எதிர்வினையை என் ரசனைக்குச் சாட்சியாகவோ, என் ரசனை பளிச்சென்று தெரிவதற்கான கறுப்புத் துணியாகவோ பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஒருவன் சிரித்தால் அவனுக்கு என்ன கேட்டது என்று விசாரிப்பது விமர்சகனின் முதல் வேலை. அதற்கு அப்புறம்தான் ஒத்துக்கொள்வதும் மறுப்பதும்.

அந்தப் பழைய இதழ் உங்களில் இரண்டொருவரிடம் இருக்கும். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை.