முதல் மாத்திரைக்கு நாள் பார்க்க வேண்டுமா?

கருத்தடை மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்று கேட்டால் நான்கு பதில்கள் கிடைக்கும். மாதவிடாய் வந்த முதல் நாள்; ஐந்தாம் நாள்; மாதவிடாய் வந்த பிறகான முதல் ஞாயிறு; இன்றைக்கே. நான்கையும் மருத்துவர்கள்தாம் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றின் காரணங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல.

ஐந்தாம் நாள் என்பது பழைய கணக்கு. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையை ஐந்தாம் நாளிலிருந்து 20 நாள்கள் விழுங்கச் சொன்னார்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து மட்டும் 0.15 மில்லிகிராம் இருந்தது. இன்று அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 0.03 மில்லிகிராம். மருந்தின் அளவு இவ்வளவு குறைந்த பிறகு, தொடங்கும் நாளில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. மாதவிடாயின் முதல் வாரத்தில் சினைப்பையில் பல நுண்பைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முந்துகிறது. அது முதிர்வதற்குள் மாத்திரை தடுக்க வேண்டும். பொதுவாக, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு கருமுட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஐந்தாம் நாளும் போதும். 21 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு முட்டை ஏழாம் நாளை ஒட்டியே வெளிவரக்கூடும். அவருக்கு ஐந்தாம் நாள் தாமதம்தான்.

முதல் நாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கர்ப்பம் இல்லை என்பது ஓரளவு உறுதி, பாதுகாப்பும் உடனே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் முதல் ஐந்து நாள்களுக்குள் எப்போது தொடங்கினாலும் வேறு பாதுகாப்பு தேவையில்லை என்கிறது. ஞாயிறு விதிக்கு உடலியல் காரணம் எதுவும் கிடையாது. வார இறுதியில் உதிரப்போக்கு வராமல் இருக்க அமெரிக்கர்கள் கண்ட வசதி அது, அவ்வளவுதான்.

அப்படியானால் முதல் நாளே சரி என்று முடித்துவிடலாமா? காத்திருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்காமல் முடிக்க முடியாது. மாதவிடாய் முடிந்த வாரத்தில் மாத்திரை கேட்டு வருபவரை, அடுத்த முறை வந்ததும் தொடங்குங்கள் என்று அனுப்பினால், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்கள் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. இதற்கு மாற்றாகவே, மருத்துவமனையிலேயே முதல் மாத்திரையை விழுங்கவைக்கும் முறையை நியூயார்க் மருத்துவர் கரோலின் வெஸ்ட்ஹாஃப் குழு முன்வைத்தது.

இந்த முறையின் ஆதரவாளர்கள் அதன் பலனைச் சற்று மிகைப்படுத்துவதும் உண்டு. 25 வயதுக்குட்பட்ட 1,720 பெண்களிடம் அக்குழு நடத்திய ஒப்பீட்டுச் சோதனை 2007இல் வெளிவந்தது. உடனே தொடங்கியவர்கள் இரண்டாம் அட்டைக்குச் செல்வது அதிகமாக இருந்தது. ஆறு மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மொத்தத்தில் 60 சதவீதம் பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். 8 சதவீதம் பேர் கருத்தரித்திருந்தார்கள். ஆகவே, உடனே தொடங்கினால் தொடர்ந்து சாப்பிடுவார்கள் என்ற வாதம் நிற்கவில்லை. காத்திருக்க வைப்பதால் கிடைக்கும் நன்மை என்று எதுவும் அதில் தெரியவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

காத்திருக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம், தெரியாத கர்ப்பம். அதற்குக் கேள்விகளே பெரும்பாலும் போதும்: கடைசி மாதவிடாய்க்குப் பின் உறவு கொண்டாரா, ஆணுறை தவறாமல் பயன்பட்டதா, பிரசவமோ கருக்கலைப்போ அண்மையில் நடந்ததா. அதையும் மீறி ஆரம்பக் கர்ப்பத்தில் அறியாமல் மாத்திரை சாப்பிட்டுவிட்டால் கருவுக்கு ஊனம் வரும் என்பதற்குச் சான்று இல்லை. ஐந்து நாள் கடந்து தொடங்குபவர் ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்தினால் போதும். ஐயம் இருந்தால் மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

நாள் பார்ப்பதில் செலவழிக்கும் அக்கறை இருக்க வேண்டிய இடம் வேறு. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர் பிரசவமான ஆறு வாரத்துக்குள் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரை தவிர்ப்பதே நல்லது. தாய்ப்பால் கொடுக்காதவரும் முதல் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அந்நாள்களில் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். ரத்த அழுத்தம் 160/100 தொட்டவர், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து பின் ஒற்றைத் தலைவலி வருபவர், 35 வயதைக் கடந்து நிறையப் புகைப்பவர் ஆகியோருக்கு எந்த நாளும் சரியான நாள் அல்ல. உட்பரிசோதனை இல்லாமல் மாத்திரை தரலாம்; ரத்த அழுத்தம் பார்க்காமல் தருவதைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவுக்கே உரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. லக்னோவில் உருவான, ஹார்மோன் இல்லாத சென்ட்குரோமன் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சாயா’ என்ற பெயரில் தருகிறார்கள். அதை மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கி, மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று எனச் சாப்பிட வேண்டும். மாலா-என் பற்றிச் சொன்னதை இதற்குப் பொருத்தக் கூடாது. திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையையும் இவற்றோடு குழப்பக் கூடாது. அந்த முறையில் சாப்பிட்டால் அது கருத்தடைக்கு உதவாது.

என் தீர்ப்பு இது: மாலா-என் போன்ற மாத்திரைக்கு, மேலே சொன்ன தடைகள் இல்லாதவர் முடிவெடுத்த அன்றே தொடங்கலாம். மாதவிடாயின் முதல் நாளாக அது அமைந்தால் ஏழு நாள் ஆணுறை மிச்சம். அமையாவிட்டால் காத்திருக்கக் காரணம் இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்துக்குள் கைவிட்டதை நினைவில் வைத்தால், மாத்திரை தரும் செவிலியர் தொடங்கும் நாளைச் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாது. குமட்டலும் இடையில் வரும் உதிரக்கறையும் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தணியும் என்பதையும், ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் விழுங்க வேண்டும் என்பதையும் சொல்லி, அடுத்த அட்டையையும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.