தகவலாளர் பட்டியலின் அறம்: தமிழியல் கள ஆய்வுகளும் நெறிமுறை மதிப்பாய்வும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழியல் துறைகளில் கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் எவ்வித நெறிமுறை மதிப்பாய்வுக்கும் உட்படுவதில்லை. ஆய்வேடுகளின் பின்னிணைப்பாக இடம்பெறும் தகவலாளர் பட்டியலை முன்வைத்து இந்நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கென உருவான நெறிகளை அப்படியே ஏற்பதும், அவை நமக்குரியன அல்ல என்று ஒதுக்குவதும் ஒருசேரப் பொருந்தாதவை என்பதை ஒப்பாரி, கதைப்பாடல் ஆய்வுகளின் வழி இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கள ஆய்வு, தகவலாளர், ஒப்புதல், ஆய்வறம், ஒப்பாரி, சாதி, நெறிமுறைக் குழு.

பின்னிணைப்பு என்னும் சான்று

நாட்டார் வழக்காறு, வட்டார வழக்கு, இனவரைவியல் ஆகிய பொருள்களில் அமைந்த ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். வரிசை எண், பெயர், வயது, பால், சாதி, கல்வி, தொழில், ஊர் எனக் கட்டங்கள் நீளும். சிலவற்றில் ஒளிப்படமும் கைப்பேசி எண்ணும் உண்டு. ஆய்வாளர் களத்துக்குச் சென்றார் என்பதற்கு அது சான்று; தேர்வாளரும் அதனை அவ்வாறே வாசிக்கிறார். வாய்மொழித் தேர்வில் தகவலாளர் எத்தனை பேர் என்று கேட்பது வழக்கம். தம் பெயரும் சாதியும் அச்சில் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்களா என்று கேட்பது வழக்கமன்று.

ஆய்வேடு நான்கைந்து கட்டுப் படிகளாகத் துறை நூலகத்தில் உறங்கிய காலத்தில் இக்கேள்வி எழாமல் போனதைப் புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆய்வேடுகளின் மின்படிகளை அளிக்க வேண்டும் என விதித்தன. அவை ஷோத்கங்கா களஞ்சியத்தில் எவரும் படிக்குமாறு கிடக்கின்றன. தொடக்கத்தில் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளில் பல ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் அமைந்தவை. தேடுபொறிக்கு அவை பிடிபடவில்லை. நாம் ஓயாது குறைகூறிய அந்த எழுத்துருக் குழப்பம் பல தகவலாளர்களுக்குத் தற்செயலாக ஒரு திரையாக இருந்தது எனலாம். இன்று அத்திரை இல்லை. ஊர்ப் பெயரையும் ஆளின் பெயரையும் இட்டுத் தேடுகின்ற ஒருவர், அந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், பட்டியலை வந்தடைய முடியும்.

இவ்விடைக்காலத்தில் 'ஆய்வறம்' என்னும் சொல் நம் துறைகளில் புழக்கத்துக்கு வந்தது உண்மையே. ஆனால் அது வந்த வழி வேறு. 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகள் ஒப்புமை அளவுக்குப் படிநிலைகளை வகுத்தன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 2019இல் முனைவர் பட்டப் பாடப்பயிற்சிக்கென 'ஆய்வு, வெளியீட்டு அறம்' என்னும் இரு மதிப்பலகுத் தாள் கட்டாயமாக்கப்பட்டது. அத்தாளின் ஆறு அலகுகளில் தத்துவமும் அறிவியல் ஒழுக்கமும் இடம்பெற்றாலும், எடை முழுவதும் வெளியீட்டின் பக்கமே: திறந்த அணுக்கம், வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்கள், மேற்கோள் அளவீடுகள். விளைவாக, எழுதியவரிடமிருந்து திருடக்கூடாது என்பதை ஓர் ஆய்வாளர் பட்டம் பெறுமுன் கற்கிறார். எழுதாதவரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவருக்குக் கற்பிக்க ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை. ஒப்புமை அறியும் மென்பொருளுக்கு ஒரு மூதாட்டியின் பாடல் 'புதிய' பனுவல். விழுக்காடு குறைய அது உதவவும் செய்யும்.

அளவுகோலும் தூக்குமரமும்

மனிதரை உட்படுத்தும் ஆய்வுக்கான நெறிகளின் வரலாறு வழக்கமாக நூரெம்பர்க் நெறியிலிருந்து (1947) தொடங்கி, ஹெல்சிங்கி அறிவிப்பு (1964), பெல்மான்ட் அறிக்கை (1979) எனச் சொல்லப்படும். நாஜி மருத்துவர்களின் கொடுமையும், கறுப்பின ஆடவர்களின் மேகநோயை 1932 முதல் 1972 வரை மருந்தளிக்காமல் வேடிக்கை பார்த்த டஸ்கீஜி ஆய்வும் அதன் பின்னணி. இந்நிரலை மட்டும் கற்கும் தமிழியல் மாணவருக்கு இது ஊசியும் மருந்தும் தொடர்பான செய்தி என்றே தோன்றும். நமக்கு நெருக்கமான தொடக்கம் ஒன்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவரது 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இன்றும் நம் ஆய்வேடுகளின் துணைநூற் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் முன்னுரையில், வயநாட்டுப் பணியப் பெண்கள் தம்மைக் கண்டு ஓடியதையும், தங்களுள் சிறந்தவர்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைப்பதற்கே அவர் வந்திருப்பதாக அஞ்சியதையும் அவரே குறிப்பிடுகிறார். நீலகிரி இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என எண்ணி உடன்பட மறுத்ததையும் எழுதுகிறார்.

தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவையாகவே பதிவு செய்கிறார். நெறிமுறை நோக்கில் வாசித்தால் இவை தெளிவான மறுப்புகள். அந்த இருளரின் பிழை கருவியின் பெயரில் மட்டுமே. அரசின் ஆள் ஒருவர் தம் உடலைக் கருவியொன்றில் நிறுத்த வருகிறார் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். மறுப்பை அறியாமையாக மொழிபெயர்க்கும் இவ்வழக்கம் தர்ஸ்டனோடு முடியவில்லை. 'தகவலாளர்கள் முதலில் ஒத்துழைக்கத் தயங்கினர். பின்னர் அவர்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தரவுகள் திரட்டப்பட்டன' என்ற பொருளில் நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் வரும் தொடர் அதன் இளைய உறவு. தயக்கத்தின் காரணம் என்ன, அது எவ்வாறு நீங்கியது, நீங்காதவர் எத்தனை பேர் என்பவற்றை அத்தொடர் சொல்வதில்லை.

பாடியவரா, உதவியவரா?

நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் பல பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டுள்ளன. சிலவற்றில் 'உதவியவர்' என இன்னொரு பெயரும் இருக்கும். சேகரிப்பாளர்களின் உழைப்பை மதித்துப் பெயர் சுட்டிய அத்தொகுப்பு அக்காலச் சூழலில் பெருந்தன்மையானது. ஆயினும் 'உதவியவர்' என்னும் சொல்லின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். பாடலை வைத்திருந்தவர் உதவியவராகிறார், எழுதிக்கொண்டவர் உரியவராகிறார். இம்முறைமையைத் திருத்த விரும்பும் எவரும் பாடியவரின் பெயரை முழுமையாக அச்சிட வேண்டும் என்றே சொல்வர். கலைஞரின் பெயரை மறைத்து 'த-17' என்று எண்ணிடுவது மருத்துவ ஆய்வில் பாதுகாப்பாகலாம். நாட்டார் கலை ஆய்வில் அது இன்னொரு பறிப்பு.

ஆனால் ஒப்பாரிக்கு வரும்போது இவ்வாதம் தடுமாறுகிறது. ஒப்பாரியைச் சாவு நிகழாத வீட்டுக்குள் பாடலாகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆய்வாளர்கள் பாடுவோரை வீட்டுக்கு வெளியே, தோட்டத்துக்கோ களத்துமேட்டுக்கோ அழைத்துச் சென்று பதிவு செய்வதும் வழக்கம். அதாவது கேட்கின்ற செயலே ஒரு விலக்கை மீறச் செய்கிறது. பாடத் தொடங்கியவர் தம் கணவரையோ பிள்ளையையோ நினைத்து உண்மையாகவே அழுகிறார். பதிவுக் கருவியை அப்போது நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவுசெய்வது ஆய்வாளர். 'உயிரோட்டமான தரவு' என்ற பாராட்டும் அவருக்கே.

ஒப்பாரியின் உள்ளடக்கம் இதனினும் சிக்கலானது. தாய்வீட்டுச் சீர், அண்ணன் மனைவியின் அலட்சியம், மாமியாரின் கொடுமை, பங்காளிகளின் வஞ்சனை ஆகியவை அதில் நேராகவே பாடப்படும். இழவு வீட்டில் பாடும் பெண்ணுக்கு மரபு ஒரு காப்பு தருகிறது: அங்குச் சொன்னதை எவரும் வழக்காடப் பிடித்துக்கொள்வதில்லை. அச்சேறிய ஒப்பாரிக்கு அக்காப்பு இல்லை. பாடியவரின் பெயரும் ஊரும் கீழே இருக்க, மேலே அண்ணன் மனைவி மீது குற்றச்சாட்டு நிற்கிறது. அவர் அடுத்த தெருவில் உயிரோடு இருக்கிறார். ஆக, ஒரே பனுவல் ஆக்கியோர் என்ற உரிமையால் பெயரைக் கோருகிறது. பேசுபொருளால் பெயர் மறைப்பையும் கோருகிறது.

பெல்மான்ட் அறிக்கையின் மூன்று கொள்கைகளான மாந்தரை மதித்தல், நன்மை பயத்தல், நீதி ஆகியவை இம்முரணைத் தாமாகத் தீர்க்கா. 2017இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி விதியும் உதவவில்லை. வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு, இலக்கியத் திறனாய்வு முதலியன குறிப்பிட்ட தனிமனிதரையே நேரடியாகப் பொருளாகக் கொள்ளும்போது அவற்றை அவ்விதி மதிப்பாய்வு எல்லைக்கு வெளியே வைக்கிறது. ஒப்பாரி ஆய்வு அவ்வாறு ஒருவரைப் பற்றியதன்று. நாற்பது பெண்களிடம் திரட்டி ஒரு வகைமையைப் பற்றிப் பொதுமை கூறுவது. அமெரிக்காவில் விலக்குப் பெற்றது என்று சொல்லி நாம் ஒதுங்க முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது. பெயர் வேண்டுமா என்பதைப் பாடல் பாடலாக, பாடியவரிடமே கேட்பது ஒன்றே வழி. அதற்கு ஆய்வாளர் படியெழுதிய பாடலோடு மீண்டும் அவ்வூருக்குச் செல்ல வேண்டும். நம் ஆய்வேடுகளில் இரண்டாம் பயணம் பற்றிய குறிப்பு அரிதாகவே உள்ளது.

சாதிக் கட்டம்

பட்டியலிலிருந்து சாதியை நீக்கிவிட்டால் போதும் என்பாரும் உளர். அது அவ்வளவு எளிதன்று. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த பார்ப்பனனின் கதை அது. அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனர் எனக் கூறும் வடிவமும் உண்டு. அது சாதி ஒழுங்கைக் காக்கப் புகுத்தப்பட்ட பிற்காலத் திரிபு என வாதிடப்படுவதுண்டு. எவ்வடிவத்தை எச்சாதியினர் பாடுகின்றனர் என்பதே அங்கு ஆய்வின் உயிர். சாதியைத் துடைத்த நாட்டார் வழக்காற்றியல் பொய்யான தூய்மை.

எனவே சிக்கல் சாதியைக் குறிப்பதில் இல்லை. தனிமனிதரின் பெயர், ஊர், சாதி மூன்றையும் ஒரே வரியில் கோப்பதில் உள்ளது. பனுவல் வடிவத்துக்கும் சாதிக்குமான உறவை ஆய்வுடலில் குழு அளவில் விவாதிக்கலாம். பெயரோடு சாதியைப் பிணைக்கும் கட்டத்தை எவ்வாய்வும் கோரவில்லை. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலிருந்து நமக்கு வந்த பழக்கம் என்றே தோன்றுகிறது. சட்டமும் நமக்காக இதைச் சிந்திக்கப்போவதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டு வரைவு, சாதியை நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வகைப்பாடே இல்லை. ஆய்வுப் பயன்பாட்டுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது.

கையெழுத்தும் ஊர்த்தலைவரும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நம் நாட்டில் உள்ளவற்றுள் விரிவானவை. உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கென அவற்றில் தனிப்பகுதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நடுநிலைச் சாட்சியின் முன்னிலையில் படிவத்தை வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெறலாம் என்பது அவை வகுக்கும் முறை. மருத்துவமனையில் இது பொருந்தலாம். கைநாட்டு என்பது கடன் பத்திரத்தையும் நிலம் போனதையும் நினைவூட்டும் ஊரில், பாட்டுக் கேட்க வந்தவர் மைப்பெட்டியை நீட்டினால் அங்கு உறவு முறிகிறது. பதிவின் தொடக்கத்திலேயே, இது எதற்கு, எங்கு வெளியாகும், வேண்டாமென்றால் அழித்துவிடலாம் என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, அவர் மறுமொழியையும் சேர்த்துப் பதிவதே நம் களத்துக்குப் பொருந்தும். ஒப்புதலின் உயிர் அந்த உரையாடலில் உள்ளது. தாள் அதன் நிழல் மட்டுமே.

ஒப்புதலை யாரிடம் பெறுகிறோம் என்பது அதனினும் முதன்மையானது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்ட திட்டத்தில், பலருக்காக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனைக் கடுமையாகச் சாடியது. தமிழியல் கள ஆய்வில் ஊசி இல்லை, காப்பாளர் உண்டு. ஊர்த்தலைவரோ, பள்ளித் தலைமையாசிரியரோ, ஆதிக்கச் சாதிப் பெரியவர் ஒருவரோ 'போய்ப் பாடிக் காட்டு' என்று சொல்ல, சேரியிலிருந்தோ காலனியிலிருந்தோ வந்து பாடுபவர் உடன்பட்டவரா, ஏவப்பட்டவரா? 'ஊர்ப் பெரியவர்களின் உதவியால் தகவலாளர்களைக் கண்டறிந்தேன்' என நன்றியுரையில் வரும் தொடரை இக்கேள்வியோடு வாசித்தல் வேண்டும்.

யார் மதிப்பிடுவது?

அப்படியாயின் ஒவ்வொரு தமிழ்த்துறைக்கும் ஒரு நெறிமுறைக் குழு வேண்டுமா? மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிகள் 7 முதல் 15 உறுப்பினர்களையும், அவர்களுள் குறைந்தது பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருவதையும், வெளியாரே தலைவராக இருப்பதையும் வற்புறுத்துகின்றன. பேராசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் இத்தகைய குழு உருவானால், அது ஆறு மாதம் கூடாமல் மாணவரின் பதிவுக் காலத்தை விழுங்கும் இன்னொரு அலுவலகமாகும். மேலும் ஓர் ஐயம் உண்டு. சாதி வன்முறையைப் பற்றிய ஆய்வை 'இடர் மிக்கது' என்ற பெயரில் அத்தகைய குழு தடுத்துவிடலாம். மக்களைக் காப்பதற்கான நெறி நிறுவனத்தைக் காப்பதற்கான கவசமாக மாறுவது பிற நாடுகளிலும் எழுந்துள்ள முறையீடே.

அந்நெறிகளில் நாம் எடுத்தாளத்தக்கது இடருக்கேற்ற படிநிலை: விலக்கு, விரைவு மதிப்பாய்வு, முழுக்குழு மதிப்பாய்வு. வட்டாரச் சொல் திரட்டுவோருக்கு ஒரு பக்க அறிவிப்புப் போதும். ஒப்பாரி, நோய், பாலியல், சாதி வன்முறை, சிறார் தொடர்பான ஆய்வுகளை, ஏற்கெனவே ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அமைக்கப்பட்டிருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவே, வெளியார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, களத்துக்குச் செல்லுமுன் பார்க்கலாம். அவ்வெளியார் இன்னொரு பேராசிரியராக இருக்கக்கூடாது. வில்லுப்பாட்டுக் கலைஞராகவோ கூத்துவாத்தியாராகவோ இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆய்வோருக்கான நெறிகளைத் தாங்களே வகுத்து வெளியிட்டனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

குழு அமையும் வரை காத்திருக்க வேண்டாதவையும் உள்ளன. ஷோத்கங்காவுக்கு அனுப்பும் மின்படியில் தகவலாளர் பட்டியலைத் தனிக்கோப்பாகப் பிரித்துத் துறையில் வைத்துக்கொள்ளலாம்; தேர்வாளர் கேட்டால் காட்டலாம். களப்பதிவின் படியொன்றைப் பாடியவரின் குடும்பத்துக்குக் கொடுக்கலாம்; இன்று அதற்குக் கைப்பேசி போதும். முன்பே ஏற்றப்பட்ட ஆய்வேடுகளின் பட்டியல்களை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவற்றில் உள்ளோருள் பலர் இன்று இல்லை. அவர்தம் பிள்ளைகள் அதே ஊர்களில் வாழ்கின்றனர். பல்கலைக்கழக நூலகங்களும் நெறியாளர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. எந்த ஆய்வு மாணவரும் தனியே எடுக்கக்கூடியதன்று.