மனுவும் பரிந்துரையும்

கவிதையைத் திறனாய்வார் உளர். கதையைத் திறனாய்வார் உளர். ஆயின், நம் ஊர்களில் மிகுதியாக எழுதப்படும் உரைநடை எதுவோ, அதனைத் திறனாய்வார் ஒருவரும் இலர். மனுக்களையே குறிப்பிடுகின்றோம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்போர் கைகளைப் பாருங்கள். அத்தாள்களுள் நம் ஜமாஅத்துகளின் முத்திரை தாங்கியவையும் இருக்கும். ஒரு தெருவின் குடிநீரும், ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையும், ஒரு மையவாடியின் சுற்றுச்சுவரும் அத்தாளின் வாசகத்தை நம்பி நிற்கையில், அதன் நடையையும் பொருளையும் ஆராய்வது வீண்வேலை ஆகாது.

தமிழும் அரபும் ஓதியவர் என்னும் எண்ணத்தால் மனு எழுதித் தருமாறு நம்மிடம் வருவோர் பலர். நாமும் எழுதித் தந்திருக்கின்றோம். ஆகவே, இங்கே நாம் சுட்டும் குறைகள் முதற்கண் நம் குறைகளே.

முதற்குறை, மிகைப் புகழ்ச்சி. அதிகாரியின் அருள் உள்ளத்தையும் கருணை விழிகளையும் பாடிய பின்னரே கோரிக்கை தலைகாட்டும். அரை பக்கம் புகழ்ச்சிக்கே போய்விடும். உரிமையுடைய குடிமக்கள் பரிசில் நாடி வந்த புலவரைப்போல் வாயிலில் நிற்பானேன்?

இரண்டாங்குறை, அளவின்மை. ‘நெடுங்காலமாக’, ‘எண்ணற்ற குடும்பங்கள்’, ‘சொல்லொணாத் துயர்’ என்றெல்லாம் எழுதுவோம். எத்தனை ஆண்டு, எத்தனை வீடு, எந்தத் துயர் என்பன மட்டும் அத்தாளில் இரா. படிப்பவர் இரக்கப்படலாம், ஆனால், இரக்கத்தைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்க எந்தப் பொறியாளராலும் இயலாது.

மூன்றாங்குறையே பெருங்குறை. நம் மனுக்களில் ‘எங்கள்’ என்னும் சொல் ஆள்கின்றது. எங்கள் தெரு, எங்கள் பள்ளிவாசல், எங்கள் மக்கள் என்பதற்கு அப்பால் பேனா நகர்வதில்லை. அதன் விளைவை நாம் கண்ணாரக் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிவாசல் தெருவிற்குக் கழிவுநீர்க் கால்வாய் வேண்டி ஒரு மனு எழுதினோம். நடை அழகாக இருந்ததென ஜமாஅத்தார் பாராட்டினர். கால்வாயும் வந்தது. நாம் கேட்டது நம் தெருவிற்கே ஆதலின், நம் தெரு முனையோடு அது நின்றது. அவ்வாண்டு ஐப்பசி மழையில் நம் வீடுகளின் கழிவுநீரெல்லாம் பள்ளத்திலிருந்த அடுத்த தெருவின் வாசல்களில் தேங்கியது. கூலி வேலைக்குப் போகும் மக்கள் வாழும் தெரு அது. பார்க்கச் சென்ற நம்மிடம் ஒரு மூதாட்டி, “உங்க மனுவுல எங்க தெரு இல்லியே, பாய்!” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை மிகவும் சுட்டது. நாம் எழுதிய மனுவிற்கு அதனினும் நேர்மையான திறனாய்வு இனி எழுதப்படப்போவதில்லை.

அன்றிரவு நம் நினைவிற்கு வந்தது நாம் மாணவர்க்குப் பலமுறை விளக்கிய ஒரு சொல். பரிந்துரையை அரபியில் ‘ஷஃபாஅத்’ என்கின்றோம். அதன் வேர் ‘ஷஃப்உ’. இரட்டை என்பது பொருள். ஒற்றை என்பதற்கு ‘வித்ரு’. இஷாவிற்குப் பின் தொழும் வித்ரினால் இச்சொல் நம் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் அறிந்ததே. தனித்து நிற்கும் ஒருவன் பக்கத்தில் மற்றொருவன் போய் நின்று அவனை இரட்டையாக்குவதே ஷஃபாஅத் எனச் சொல்லாராய்ச்சியாளர் விளக்குவர். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 85-ஆம் வசனம், நல்ல பரிந்துரை செய்பவருக்கு அந்நன்மையில் ஒரு பங்குண்டு என்றும், தீய பரிந்துரை செய்பவருக்கு அத்தீமையில் ஒரு பொறுப்புண்டு என்றும் கருத்துரைக்கின்றது. ஆதலின், மனு எழுதுவோர் எழுதிக் கொடுத்ததோடு கைகழுவ இயலாது. விளைவில் அவர்களும் பங்காளிகள். அடுத்த தெருவில் தேங்கிய நீரில் நம் பேனாவிற்கும் பங்கிருந்தது.

நல்ல மனு எத்தகையது என்பதற்கு இலக்கியத்திலும் வரலாற்றிலும் சான்றுகள் உள. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நோக்குங்கள். அழுத கண்ணோடு அரசவை புகுந்த கண்ணகி, தன் ஊரையும் கணவன் பெயரையும் தன் பெயரையும் அரசன்முன் உரைக்கின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசியின் சிலம்பில் முத்து. சிலம்பை உடைத்துக் காட்டுகின்றாள். துயரம் அவளை அவைக்குக் கொண்டுவந்தது; வழக்கை வென்றதோ சான்று.

இனி, மக்கா நகரில் நிகழ்ந்த ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கை. யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய ஆஸ் இப்னு வாயில் விலையைக் கொடுக்க மறுத்தார். வணிகருக்கு அவ்வூரில் குலமும் இல்லை, உறவும் இல்லை. முறையிட்ட குலத்தாரும் கைவிட்டனர். குறைஷியர் கஅபாவைச் சூழ அமர்ந்திருந்த காலைப்பொழுதில் அவர் அபூகுபைஸ் மலைமீதேறித் தம் வழக்கைக் கவிதையாய் உரக்கச் சொன்னார். அவ்வழைப்பு வீண்போகவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவர் உரிமை மீளும்வரை அவர் பக்கம் நிற்போம் என உறுதி பூண்டனர். சொன்னபடி வணிகரின் பொருளையும் மீட்டுத் தந்தனர். அக்கூட்டத்தில் இளைஞராய்க் கலந்துகொண்ட நம் பெருமானார் (ஸல்) அவர்கள், நபித்துவம் பெற்ற பின்னரும் அதனை உவந்து நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாத்தில் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டாலும் இசைவேன் என்னும் கருத்தில் மொழிந்தார்கள். தம் குலத்திற்கு எதுவும் கேட்பதற்காக அவர்கள் அங்கே கூடவில்லை என்பதைச் சிந்தியுங்கள்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றோம். மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம் பெரியோர் இராகத்தோடு பாடக் கேட்டு உருகியிருக்கின்றோம். வேடன் வலையில் சிக்கிய பிணைமான், கன்றுக்குப் பாலூட்டி மீள விடை கேட்கின்றது. அண்ணலார் அதற்குப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்னபடி திரும்புகின்றது; வேடன் மனம் மாறுகின்றான். இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞரிடையே மாறுபட்ட கருத்துகள் உள. இங்கே நாம் காப்பியச் சுவையை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். வேடனின் உரிமையை மறுக்காமலும் மானின் துயரைப் புறக்கணியாமலும் இடையில் தம்மையே பிணையாக வைத்ததில்தான் அப்படலத்தின் அழகு முழுவதும் அடங்கியுள்ளது. கேட்பவர் தாமும் ஏதேனும் பொறுப்பை ஏற்கும்போதே கோரிக்கைக்கு எடை கூடுகின்றது.

‘நமக்குரியதை நாம் கேளாவிடின் யார் கேட்பார்?’ என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. மையவாடி நிலத்தையும் வக்ஃபு உரிமையையும் நாமே கேட்கவேண்டும். அதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஆனால், தெருவிளக்கும் குடிநீரும் மருத்துவமனையும் ஒரு சமுதாயத்திற்கென வருவன அல்ல. அவற்றைக் கேட்கும்போது நம் பெயரை மட்டும் எழுதுவது பிறரைப் புறக்கணிப்பதாகும். நம் உரிமைக்குக் கேடு நேரும் நாளில் நமக்காகக் கையொப்பமிடப் பிறர் வேண்டுமெனில், அவர்தம் தாளில் நம் கையொப்பம் முன்னரே இருந்திருக்க வேண்டுமன்றோ?

வழிகளும் இன்று அடைபட்டிருக்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடம் வகுத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்னும் இரு நாள்களும் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே பேசலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், பத்து ரூபாய்க் கட்டணத்தில், நம் மனு என்ன ஆயிற்று எனக் கேட்டறியலாம். முப்பது நாளில் விடை தரவேண்டும் என்பது விதி. ஆனால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்கு நிறைந்து வழியும் நம் ஊரில், கிராம சபைக்குச் சென்றோரைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். பெண்களோ மிகச் சிலர். தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்த கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களின் முறையீட்டை இறைவன் செவியேற்றதைச் சொல்லித் தொடங்கும் ‘முஜாதலா’ அத்தியாயத்தை ஓதுகின்ற நாம், தண்ணீருக்காகக் குடத்தோடு காத்திருக்கும் நம் பெண்டிரின் சொல்லை மனுவில் சேர்க்க மறக்கின்றோம்.

நம் கதையை முடித்துவிடுகின்றோம். அம்மழை ஓய்ந்ததும் இரு தெருவாரும் ஒன்றாய் அமர்ந்தோம். வீடுகளை எண்ணினோம், நீர் எங்கிருந்து எங்கே பாய்கின்றதெனக் கோடு வரைந்தோம். இரண்டாம் மனு பத்தே வரிகள். புகழ்ச்சி ஒரு வரியும் இல்லை. கால்வாய் செல்லும் வழியை மறித்திருந்த நம் தெருத் திண்ணைகள் சிலவற்றை நாமே இடித்துத் தருவதாகவும் எழுதினோம். முதற்கையொப்பம் அந்த மூதாட்டியின் கைந்நாட்டு. அக்டோபர் 2 கிராம சபையில் அது தீர்மானமாயிற்று. பணி தொடங்க மேலும் மூன்று சபைகளில் எழுந்து கேட்க வேண்டியிருந்தது. கால்வாய் இன்று ஊர்க்கோடி வரை செல்கின்றது.

நாம் எழுதியவற்றுள் சிறந்த உரைநடை எது என எவரேனும் வினவினால், அந்தப் பத்து வரிகளையே காட்டுவோம். நம் பேனாக்களைத் தனித்து நிற்போரின் பக்கத்தில் நிறுத்த வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.