உண்மைக் குற்றமும் வரைகதையும்: பொன்பரப்பியை எப்படி வரைவது?

நடந்த குற்றம் ஒன்றை வழக்கு ஆவணங்கள், செய்திகள், கண்டவர் சொன்னவை ஆகியவற்றைக் கொண்டு படமும் சொல்லுமாகத் தரும் நூலை உண்மைக் குற்ற வரைகதை எனலாம். தமிழருக்கு வரைகதை புதிதன்று. முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கின. ஆனால் அவற்றில் நாம் விரும்பிப் படித்த துப்பறிவாளர்கள் கற்பனை மாந்தர்கள். உண்மைக் குற்றத்தில் இறந்தவருக்குக் குடும்பம் உண்டு. நடந்த இடத்திற்கு ஊர்ப்பெயர் உண்டு. ஆகவே அதை வாசிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

கொலைச்சிந்து

உண்மைக் குற்றம் கேட்கும் ஆவலும் நமக்குப் பழையதே. சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்கப்பட்ட மலிவு விலைக் கொலைச்சிந்துகள் அந்த ஆவலுக்குத் தீனி போட்டன. கேட்பவரை அழவைத்து, முடிவில் ஒரு நீதியும் சொல்லி அனுப்புவது அவற்றின் வழக்கம். அழுகையும் நீதியும் கிடைத்தன. 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

மூன்று நூல்கள்

அந்தக் கேள்விக்கு இடம் தரும் நூல்களே நல்லவை. ஆலன் மூர் எழுதி எடி கேம்பல் வரைந்த 'ஃப்ரம் ஹெல்', 1888இல் லண்டனில் நடந்த கொலைகளைப் பற்றியது. மெய்ப்பிக்கப்படாத ஒரு கருதுகோளை அது கதையாக்குகிறது. ஆனால் எது ஆவணம், எது கற்பனை என்று பின்னிணைப்பில் பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுகிறது. எனினும் ஒரு கொலையை அத்தியாயம் முழுவதும் நுணுக்கமாக வரைந்திருப்பது தேவையா என்பது விவாதத்துக்குரியது. டெர்ஃப் பேக்டெர்ஃபின் 'மை ஃப்ரெண்ட் டாமர்' (2012) எதிர்வழியில் செல்கிறது. பின்னாளில் தொடர் கொலைகாரனான தம் பள்ளித் தோழனின் இளமையைச் சொல்லும் அவர், கொலைகளைக் காட்சியாக்கவில்லை. பெரியவர்கள் கவனிக்கத் தவறியதே அவருக்கு முக்கியம். அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயணம்' (2011) குற்றக்கதை அன்று. ஆனால் 2006இல் மகாராட்டிரத்தில் நடந்த கயர்லாஞ்சிப் படுகொலையை நினைவூட்டுகிறது. அதில் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் நஞ்சான பேச்சுக்குத் தேள்கொடுக்கு வடிவில் பேச்சுக்குமிழி வரைந்தனர். இரத்தம் காட்டாமலே வன்முறையைக் காட்டலாம் என்பதற்கு இது சான்று.

பொன்பரப்பி

இந்த அளவுகோலை நம் மண்ணுக்குக் கொண்டுவருவோம். 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாடு விடுதலைப் படை மீது குற்றம் சாட்டப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று, அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளை முயற்சியின்போது அதன் தலைவர் தமிழரசனும் தோழர்கள் நால்வரும் அடித்துக் கொல்லப்பட்டனர். ஊர் மக்கள் அடித்தார்கள் என்பது ஒரு தரப்பு. கூட்டத்தில் சாதாரண உடையில் காவலர் இருந்தனர் என்பது மறுதரப்பு.

எழுத்தாளர் 'கூட்டம் அடித்துக் கொன்றது' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். ஓவியர் அப்படித் தப்ப முடியாது. தடி பிடித்த கைக்கு ஒரு சட்டையும், அந்தச் சட்டைக்கு மேல் ஒரு முகமும் வரைந்தாக வேண்டும். வரைந்த உடனே அவர் தீர்ப்பு எழுதிவிடுகிறார். இவ்வடிவத்தின் ஆபத்து இதுவே. நேர்மையைச் சோதிக்கும் இடமும் இதுவே. இரு தரப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரையலாம். முகங்களை வெறுமையாக விடலாம். தமிழரசனை மட்டும் முழுப்பக்க நாயகனாக்கி, ரயிலில் இறந்தவர்களைச் சிறு கட்டத்தில் அடைத்தால் அதுவும் ஒரு பொய்தான்.

வாசிப்பவருக்கு

மாணவர்கள் இத்தகைய நூலை எடுத்தால் மூன்றைப் பார்க்கலாம்: இறந்தவருக்கு எத்தனை கட்டங்கள், கொன்றவருக்கு எத்தனை? ஆவணத்தையும் ஊகத்தையும் நூல் பிரித்துக் காட்டுகிறதா? குற்றத்தைச் சுற்றியிருந்த சாதி, வறுமை, அதிகாரம் படத்தின் பின்னணியிலாவது தெரிகின்றனவா? திரைப்படம் தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்லும். வரைகதையில் பக்கம் புரட்டுவது நம் கை. ஒரு கட்டத்தில் நின்று, 'இதை யார் பார்த்தார்?' என்று கேட்கும் வாய்ப்பை அது தருகிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாவிட்டால், நம் கையில் இருப்பது வழவழப்பான தாளில் அச்சிட்ட கொலைச்சிந்துதான்.