நெய்தல் நிலமும் ஆன்மிகப் பயண எழுத்தும்: பழவேற்காட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தலப்பயணத்தைப் பாடிய பழந்தமிழ் மரபில் வழியும் வழியில் வாழ்வோரும் முதன்மை பெற்றனர். இக்கால ஆன்மிகப் பயண எழுத்தில் பயணியின் அகமே பாடுபொருளாகியுள்ளது. இம்மாற்றத்தில் நெய்தல் நிலத்து வழிபாடு எவ்வாறு கண்ணுக்குப் படாமல் போகிறது என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, பயண இலக்கியம், நெய்தல், பழவேற்காடு, பாடு முறை, மாசி மகம்.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்பகுதியில் அமைந்த ஊர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் அடங்கும். விசயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், போர்த்துகீசியர் வருகையோடு தொடர்புடைய மகிமை மாதா ஆலயம், பள்ளிவாசல்கள், 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சம், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களையுடைய டச்சுக் கல்லறைத் தோட்டம் ஆகியன இங்கு உள்ளன. பல சமயத் தலங்களை நாடிச் செல்லும் பயணிக்கும், தியானத்திற்கு நீர்க்கரைத் தனிமை தேடுபவருக்கும் இவ்வூர் உகந்ததாகத் தோன்றுவது இயல்பே. ‘அமைதி தவழும் ஏரி’ என்பது போன்ற தொடர் அத்தகைய எழுத்தில் எளிதாக வந்து அமர்ந்துவிடும். அந்த அமைதி யாருடையது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

ஆற்றுப்படையில் வழியும் விருந்தும்

தமிழில் தலப்பயண எழுத்தின் மூத்த வடிவம் ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை முருகனின் அருளை நாடுவோனை அவன் உறையும் இடங்களை நோக்கி ஆற்றுப்படுத்துகிறது. அருள்பெற்றவன் பெறாதவனுக்கு வழிகூறுவது இதன் அமைப்பு. பேசுபவன் ஏற்கெனவே சென்று வந்தவன். ஆயினும் தன் அனுபவத்தை விரித்துரைப்பது அவன் நோக்கமன்று. அடுத்தவன் எவ்வழியே செல்ல வேண்டும், அங்கு எவரைக் காண்பான், அவர்கள் எவ்வாறு வழிபடுகின்றனர் என்பனவே அவன் பேச்சு. குன்றுதோறாடல் பகுதியில் குறவரின் குரவைக் கூத்தும், பழமுதிர்சோலைப் பகுதியில் குறமகள் நிகழ்த்தும் வெறியாட்டும் விரிவாக இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

புரவலனை நோக்கிய ஆற்றுப்படைகளிலும் இப்பண்பு தொடர்கிறது. நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்குச் சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி, நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தைக் கடந்து செல்கிறது. அங்கே நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும் என்று பாடல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடற்கரை இங்கு வெறும் காட்சியன்று. விருந்தோம்பும் மக்கள் வாழுமிடம். விருந்து தருபவரைச் சொல்லாமல் வழியைச் சொல்ல இவ்விலக்கிய வகையால் இயலாது.

பயணியின் அகம் பொருளாதல்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்புத் தலைகீழாகிறது. பால் பிரண்டன் 1934இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்தியப் பயண நூல் திருவண்ணாமலை ரமணரை மேலைநாட்டு வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அதில் ஐயமும் தேடலும் தெளிவும் கதைசொல்லியினுடையவை. இடங்களும் மனிதரும் அத்தேடலின் படிகள். பின்னர் உலகெங்கும் பெருகிய ஆசிரம, தியானமுகாம் அனுபவ எழுத்துகளின் பொதுவமைப்பு இதுவே. உள்முகத் தேடலை இதன்பொருட்டுக் குறைகூறுவதற்கில்லை. மௌனம் நாடுவது பழைய நெறியே. தன் மௌனத்தை இடத்தின் இயல்பாக ஏற்றிச் சொல்லும்போதே குறை நேர்கிறது. தியானிப்பவர் அமைதியை உணர்ந்தார் என்பது ஒரு கூற்று. ஊர் அமைதியானது என்பது முற்றிலும் வேறொரு கூற்று.

தமிழ்ப் பயண நூல்கள் இவ்வழியை முழுதும் பின்பற்றவில்லை. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நடையுடையது. எவ்வூரில் இறங்கி எப்படிச் செல்வது என்று சொல்வதில் ஆற்றுப்படையின் குரல் அதில் கேட்கிறது. எனினும் அவர் கண் தங்குவது பெரும்பாலும் சிற்பத்திலும் தலவரலாற்றிலுமே. கோயிலைச் சுற்றி வாழ்வோரின் தொழில் அந்நூலின் மையத்தில் இல்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ ஆற்றின் போக்கையே நூலின் போக்காகக் கொண்டதால் தலத்தோடு நீரும் மக்களும் உடன்வருகின்றனர். கட்டடத்தைத் தொடரும் எழுத்துக்கும் நீரைத் தொடரும் எழுத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு பழவேற்காட்டைக் காண்பதற்கு இன்றியமையாதது.

பழவேற்காடு: கட்டடமும் பாடும்

பழவேற்காட்டில் கட்டடங்களை மட்டும் தொடரும் பயணி, கோயில், ஆலயம், பள்ளிவாசல், கல்லறை என்று ஒரு பட்டியலைப் பெறுவார். நீரைத் தொடர்பவருக்கு வேறொரு நிலவரைபடம் புலப்படும். ஏரியில் இறால் பிடிப்பதற்கான இடங்களைப் பட்டினவர் ஊர்கள் ‘பாடு’ என்னும் மரபுமுறையால் பங்கிட்டு வந்துள்ளன. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடலாம் என்பது சுழற்சி முறையில் முடிவாகும். வளமான இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் தடுப்பது இதன் அடிப்படை.

இம்முறைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு கருதத்தக்கது. சோழமண்டலக் கடற்கரைப் பட்டினவர் ஊர்களில் மணமான ஆண் ஒவ்வொருவரும் தலைக்கட்டு வரி செலுத்தி ஊரின் உறுப்பினராகிறார். ஊர்ப் பஞ்சாயத்து அவ்வரியைக் கொண்டே அம்மன் கோயில் விழாவை நடத்துகிறது. கோயிலுக்குக் கொடுப்பவரே ஊரார். ஊராருக்கே நீரில் பங்கு. ஆகவே இங்குத் தலம் என்பது சுவருக்குள் அடங்கியதன்று. கரையிலிருந்து நீருக்குள் நீண்டு, யார் எங்கே வலையிடலாம் என்பதுவரை செல்கிறது.

இவ்வொழுங்கைப் புனிதப்படுத்திப் பேசுவதும் பிழையாகும். பாட்டில் உரிமை பெற்றோர் உள்ளதாலேயே உரிமை பெறாதோரும் உள்ளனர். வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் இவ்வொழுங்கின் விளிம்பில் நிற்பவர்கள். உரிமை மறுக்கப்பட்ட பிற சமூகத்தாருக்கும் பட்டினவருக்கும் இடையே பூசல்கள் நிகழ்ந்துள்ளன. ‘நல்லிணக்க ஏரி’ என்னும் புகழுரை, ‘அமைதியான ஏரி’ என்பதைப் போலவே இவ்வழக்குகளை மூடிவிடுகிறது.

இங்குப் பார்வையின் விளைவு எழுத்தோடு நிற்பதில்லை. டச்சுக் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்திற்கு அத்தகைய மதிப்பு இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீரும் அதனோடு வரும் இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் புகுவது தடைப்படும், பாடும் பொருளற்றதாகும், பாட்டைச் சார்ந்த ஊரும் விழாவும் தளரும். காணத்தக்கது எது என்று பயண எழுத்து வகுக்கும் பட்டியல், காக்கத்தக்கது எது என்ற பட்டியலாக மாறும் வாய்ப்புடையது.

முழுநிலாவும் மாசி மகமும்

நெய்தல் வழிபாடு தொழிலோடு பிணைந்தது என்பதற்குப் பட்டினப்பாலை பழஞ்சான்று தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, கருவுற்ற சுறாமீனின் கொம்பை நட்டு அதில் உறையும் தெய்வத்தை வழிபட்டு, பூச்சூடி, கள்ளுண்டு மகிழ்ந்ததை உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். தெய்வத்தின் அடையாளம் பிடிபட்ட மீனின் உறுப்பு. திருநாள் வலைக்கு ஓய்வுநாள். அங்குக் கோயில் கட்டடம் இல்லை. ஆயினும் வழிபாடு நிறைவுடையது.

இன்றும் மாசி மகத்தன்று கடற்கரை ஊர்கள் பலவற்றில் தெய்வத் திருமேனிகள் கடலாட வருகின்றன. வடதமிழகத்து இருளர் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்று, மணலில் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே நிகழ்த்துகின்றனர். பல்லவர் சிற்பங்களைக் காண உலகமே வரும் ஊரில் அவர்கள் நாடுவது கடலையும் மணலையுமே. இதனையும் ஆன்மிகப் பயணமாகக் கொள்ளாத பயண எழுத்து, பயணம் என்பதையே வசதியுடையோரின் செயலாகச் சுருக்கிவிடுகிறது. வெறிச்சோடிய கரையில் ஒருவர் தனித்துக் கண்மூடுவது ஒருவகைத் தியானம். முழுநிலவில் ஊரே கரைக்கு வருவது மற்றொருவகை. முன்னதற்குப் பயண நூல்கள் பல உள்ளன; பின்னதற்கு இன்னும் ஓர் ஆற்றுப்படை எழுதப்படவில்லை.

முடிவுரை

பழந்தமிழ் ஆற்றுப்படை வழியில் உள்ளோரைப் பெயர்சுட்டி, அவர்தம் தொழிலையும் விருந்தையும் சொல்லியே தலத்தைக் காட்டியது. இக்கால ஆன்மிகப் பயண எழுத்து பயணியின் அகத்தை மையமாக்கியதால் நெய்தல் மக்கள் காட்சியின் பின்புலமாகச் சுருங்கினர். பழவேற்காட்டில் வழிபாடு, ஊர் உறுப்புரிமை, நீர்ப்பங்கு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைப் பிரித்துக் கட்டடங்களை மட்டும் எழுதினால் தலம் எழுதப்பட்டதாகாது. இனிவரும் பயண நூல்களைத் திறனாயும்போது, ஆசிரியர் எத்தகைய அமைதியைக் கண்டார் என்பதோடு, அவர் அமர்ந்திருந்த கரையில் அன்று யாருடைய பாடு என்பதை அவர் அறிந்திருந்தாரா என்றும் கேட்க வேண்டும்.