தட்டின் மறுபக்கம்: கேட்கப்படாமல் போன நான்கு ஒலிப்பதிவுகள்

மேற்கத்திய ராக், பாப் பாடல்களின் வெற்றியையும் தோல்வியையும் அளப்பதற்குப் பல பத்தாண்டுகளாகக் கையாளப்பட்டுவரும் அளவுகோல் வாராந்தரத் தரவரிசைப் பட்டியலே ஆகும். அமெரிக்காவில் 1958 ஆகஸ்டில் தொடங்கிய பில்போர்ட் இதழின் ‘ஹாட் 100’ பட்டியல், ஒரு பாடலின் இசைத்தட்டு எவ்வளவு விற்றது, வானொலி நிலையங்கள் அதை எவ்வளவு ஒலிபரப்பின என்னும் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு அதற்கு ஓர் எண்ணைத் தந்தது. அந்த எண் கடைக்காரரின் கல்லாவைப் பற்றிச் சொல்லுமே தவிர, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவரும் வாசித்தவரும் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாது. மோசமாகப் பாடப்பட்டதால் விலைபோகாத பாடலும், அருமையாகப் பாடப்பட்டும் தட்டு கடைக்கே வந்து சேராததால் விலைபோகாத பாடலும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரே விதமாகக் காணாமல் போகின்றன.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆடுகளம் ஒன்றாக இருக்கும்போதே இரண்டு மட்டையாளர்களின் ஆட்டத்தை நியாயமாக ஒப்பிட முடியும் என்பதைப் போல, பாடல்களிலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவற்றை எடைபோட வேண்டியிருக்கிறது. அப்படி மாறாத ஒன்றாக அமைபவர் லண்டன் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். பதின்பருவத்திலேயே ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1966 ஏப்ரலில் தம் இருபதாவது வயதில் பீட்டில்ஸ் குழுவின் தலைமை ஒலிப்பதிவாளரான அவர், உலகிலேயே அதிகம் கேட்கப்பட்ட தட்டுகள் சிலவற்றுக்கு ஒலிவடிவம் கொடுத்தவர். ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்புக்காகக் கிராமி விருதும் பெற்றவர். அதே காதும் அதே கையும் பணியாற்றிய வேறு சில பதிவுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன என்பதே இந்த அலசலின் தொடக்கப்புள்ளி. கூடத்துக்குள் தரம் குறையவில்லை என்றால், அந்தப் பாடல்கள் தோற்றது கூடத்துக்கு வெளியேதான்.

முதலாவது, பீட்டில்ஸ் குழுவின் ‘ரெயின்’. உலகப் புகழ்பெற்ற குழுவின் பாடல் எப்படிக் கவனிக்கப்படாமல் போகும் என்ற கேள்விக்கு, அக்காலத்துத் தட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. ‘சிங்கிள்’ எனப்படும் ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்றுகள் சுழல்வது. அதன் ‘ஏ’ பக்கத்தில் வானொலிக்கென்று தேர்ந்தெடுத்த பாடலும், ‘பி’ பக்கத்தில் இடத்தை நிரப்புவதற்கான பாடலும் இருக்கும் என்பது வணிக வழக்கம். 1966இல் வெளிவந்த அந்தத் தட்டின் ‘ஏ’ பக்கத்தில் இருந்த ‘பேப்பர்பேக் ரைட்டர்’ முதலிடம் பிடித்தது. மறுபக்கத்தில் இருந்த ‘ரெயின்’ அமெரிக்கப் பட்டியலில் 23ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

மறுபக்கத்தில் வைக்கப்பட்ட இந்தப் பாடலில்தான் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரின் ஆகச் சிறந்த வாசிப்பு இருக்கிறது. அவரே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார். பதிவு நடந்த முறை கூர்ந்து கவனிக்கத் தக்கது. குழுவினர் பக்கவாத்தியங்களை வழக்கத்தைவிட விரைவான காலப்பிரமாணத்தில் வாசிக்க, அதைப் பதிவுசெய்த ஒலிநாடாவை எமெரிக் வேகம் குறைத்து ஓடவிட்டார். நாடா மெதுவாக ஓடும்போது சுருதி இறங்குவதோடு, ஒவ்வோர் அடியும் ஓய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் நீள்கிறது. தாளத் தட்டுகளின் கிலுகிலுப்பு அடங்கி, நீருக்குள் இருந்து எழுவதுபோன்ற கனம் அதற்கு வந்துசேர்கிறது. விரைவாக வாசிக்கும்போது கைக்கு இயல்பாக வரும் துல்லியமும், மெதுவாக ஒலிக்கும்போது செவிக்குக் கிடைக்கும் பாரமும் ஒரே பதிவில் சேர்ந்திருப்பது இதனால்தான். எந்தக் கலைஞரும் நேரடியாக அமர்ந்து இந்த ஒலியை வாசித்துவிட முடியாது. அதேவேளை, வாசிப்பில் உயிர் இல்லாமல் நாடாவின் வேகத்தை மட்டும் மாற்றியும் இதைப் பெற்றிருக்க முடியாது.

ரிங்கோ பிறப்பால் இடக்கையர். ஆனால், வலக்கையர்களுக்கான முறையில் அடுக்கப்பட்ட டிரம்ஸையே வாசித்தவர். ஆகவே, பாடலடிகளுக்கு இடையே விழும் சிறு தாளக்கோவைகளை (நம் கச்சேரி மரபில் முத்தாய்ப்பு வைப்பதற்கு ஓரளவு நிகரானவை) அவர் தொடங்கும் கையும் முடிக்கும் இடமும் மற்றவர்களுடையவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும். ‘ரெயின்’ பாடலில் அத்தகைய கோவைகள் ஏறக்குறைய ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வருகின்றன, ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. பாடல் முடியும் தறுவாயில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று ஓய, டிரம்ஸ் மட்டும் ஒரு கணம் தனித்து நின்று மற்றவற்றை மீண்டும் அழைத்துவருகிறது. அதையடுத்துக் குழுவின் பாடகர் லெனனின் குரல் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஓட்டப்பட்டு ஒலிக்கிறது. அந்த யோசனை தம்முடையதே என்று லெனனும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் தனித்தனியே உரிமை கொண்டாடினர். அந்த வழக்கைவிட, அதற்கு முந்தைய ஒரு கணத்து டிரம்ஸ் கூடுதலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

‘ரெயின்’ பதிவாகி ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம் கடந்த பின், 1967 ஜூனில் அதே கூடத்துக்குள் ஸாம்பீஸ் என்னும் ஐவர் குழு நுழைந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரைச் சேர்ந்த அவர்கள் 1964இல் ‘ஷீஸ் நாட் தேர்’ பாடலால் புகழ்பெற்று, அதன் பின் சரிவைக் கண்டவர்கள். ஏறத்தாழ 1,000 பவுண்டு செலவில் முழுத்தொகுப்பு ஒன்றை முடித்துக்கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்கள். அட்டைப்படம் வரைந்த ஓவியரின் எழுத்துப்பிழையோடே ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ என்ற தலைப்பில் வெளிவந்த அந்தத் தொகுப்பை எமெரிக்கும் பீட்டர் வின்சும் பதிவுசெய்தனர். கூடம் பீட்டில்ஸ் குழுவின் சோதனைகள் ஓய்ந்த சூட்டோடு இருந்தது. அவர்கள் விட்டுச்சென்றிருந்த மெல்லோட்ரானைத் தாங்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டதாக ஸாம்பீஸ் குழுவினர் கூறியுள்ளனர். மெல்லோட்ரான் என்பது, ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் வயலின் அல்லது புல்லாங்குழல் ஓசை பதிவான ஒரு துண்டு ஒலிநாடாவை ஓடச் செய்யும் விசைப்பலகைக் கருவியாகும்.

தொகுப்பின் முதல் பாடலான ‘கேர் ஆஃப் செல் 44’, சிறையிலிருந்து விடுதலையாகவிருக்கும் ஒருவருக்கு எழுதப்படும் கடிதமாக அமைந்தது. சிறை என்ற சொல் வரவழைக்கும் இருட்டை இசை எந்த இடத்திலும் ஏற்கவில்லை. துள்ளும் பியானோவோடு தொடங்கி, ஊர் திரும்புபவருக்காக வீட்டைப் பெருக்கி மெழுகிக் காத்திருப்பவரின் பரபரப்பை அது இறுதிவரை தக்கவைத்துக்கொள்கிறது. கிறிஸ் ஒயிட்டின் பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுருதி நரம்புகள் கொண்ட கிட்டார், தாளத்துக்குத் துணைநிற்கும் தன் வழக்கமான வேலையோடு அடங்காமல், பாடுபவருக்கு மறுமொழி சொல்லும் இரண்டாவது மெட்டாகவே நடக்கிறது. நடுவில் சொற்கள் நின்றுபோய், பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் இணைந்து பாடும் ‘ஹார்மனி’ மட்டும் எஞ்சும் இடம், பாப் இசையில் மகிழ்ச்சி என்பது எவ்வளவு நுட்பமாகக் கட்டப்படக்கூடியது என்பதற்குத் தக்க சான்று. 1967 நவம்பரில் தனித் தட்டாக வந்த இப்பாடலை வாங்க ஆளில்லை; அடுத்த மாதமே குழு கலைந்தது.

அந்தத் தொகுப்பில் இன்னொரு பாடலின் கதையும் சொல்லப்பட வேண்டும். ஒயிட் எழுதிய ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாடலில் ஒலிக்கும் பித்தளைக் குழல்கள் தனித் தடத்தில் பதிவாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே தடமாகக் கலக்கும் ‘மோனோ’ மிக்ஸிங் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே அவை வாசித்துச் சேர்க்கப்பட்டன. பின்னர், இரு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துத் தரும் ‘ஸ்டீரியோ’ வடிவமும் வேண்டும் என்று தட்டு நிறுவனம் கேட்டபோது, ஒதுக்கிய பணம் தீர்ந்துபோயிருந்ததால், ஒயிட்டும் விசைப்பலகைக் கலைஞர் ராட் ஆர்ஜென்ட்டும் தங்கள் பாடலாசிரியர் உரிமைத்தொகையிலிருந்து 200 பவுண்டு எடுத்துக் கொடுத்தனர். அப்போதும் இந்தப் பாடலை மட்டும் பிரிக்க முடியவில்லை; குழல்கள் மோனோ நாடாவில் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த ஆண்டு நமக்கான ஆண்டு என்று நம்பிப் பாடும் அந்தக் குரலுக்குப் பின்னால், கைக்காசைப் போட்டு வேலையை முடித்த இருவர் இருந்தார்கள் என்று அறிந்து கேட்கும்போது பாடல் இன்னும் நெருங்கிவருகிறது.

1968 ஏப்ரலில் தொகுப்பு இங்கிலாந்தில் வெளியானபோது அதற்காக மேடையேறக் குழுவே இல்லை. இசைக்கலைஞர் அல் கூப்பர் வற்புறுத்தியதால் அமெரிக்காவில் வெளியான பின், கடைசிப் பாடலான ‘டைம் ஆஃப் தி சீசன்’ 1969 மார்ச்சில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அதற்குள் பாடகர் காலின் பிளன்ஸ்டன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலைக்குப் போய்விட்டிருந்தார். அமெரிக்காவில் போலிக் குழுக்கள் ஸாம்பீஸ் பெயரில் மேடையேறின. ஒரு பாடல் வென்றதால் தொகுப்பின் மற்றப் பாடல்களுக்கு வெளிச்சம் கிடைத்துவிடவில்லை என்பதே இதில் வருத்தத்துக்குரியது.

மூன்றாவது பதிவு, பாடல் புகழ்பெற்றும் அதை முதலில் பாடியவர்களின் பதிவு மறக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. ‘வித்தவுட் யூ’ என்றால் ஹாரி நில்சனையோ மரையா கேரியையோதான் பலரும் நினைப்பர். பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் நிறுவனத்துக்காகப் பாடிய பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும் அதை எழுதினர்: சரணம் ஹாமிடம் இருந்தது, பல்லவி எவன்ஸிடம் இருந்தது, முடிவுபெறாத இரண்டு பாடல்களை ஒன்றாக்கினர். 1970இல் எமெரிக்கின் தயாரிப்பில் ‘நோ டைஸ்’ தொகுப்பில் அது பதிவாயிற்று. அப்பாடலைக் கேட்ட நில்சன், முதலில் அதைப் பீட்டில்ஸ் பாடல் என்றே எண்ணியிருந்தார். அவருடைய பதிவு 1972இல் அமெரிக்காவில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். நில்சனின் பதிவில் பியானோ தனித்துத் தொடங்கி, வயலின்கள் திரண்டு, குரல் உச்சத்தில் போய் உடைகிறது. அது பெரிய கலைஞரின் பெரிய வாசிப்பு, அதன் வெற்றி நியாயமானது. பேட்ஃபிங்கரின் பதிவோ கிட்டார்களை முன்னிறுத்தி, பல்லவியை ஓங்கவிடாமல் பிடித்துவைக்கிறது. பிரிவைப் பாடுபவர் அழத் தொடங்குவதற்கு முந்தைய நிலையில், தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அழுகைக்கு அணை போட்டிருக்கும் அந்த இறுக்கம் அரங்கத்தை அதிரவைக்காது என்றாலும், துயரத்தின் உண்மைக்கு அதுவே அருகில் இருக்கிறது.

நான்காவது பதிவு அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிறிஸ் பெல்லும் அலெக்ஸ் சில்டனும் ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து நடத்திய பிக் ஸ்டார் குழு, ஆர்டென்ட் கூடத்துக்கு எதிரிலிருந்த மளிகைக்கடையின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. 1972இல் வந்த அதன் முதல் தொகுப்பின் தலைப்பு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’. விமர்சகர்கள் அதைக் கொண்டாடினர். ஆனால், தட்டுகளை விநியோகித்த ஸ்டாக்ஸ் நிறுவனம் அவற்றைக் கடைகளில் சேர்க்கத் திணறியது; பின் அந்தப் பொறுப்பு கொலம்பியா நிறுவனத்துக்குக் கைமாறியபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. தொகுப்பு 10,000 படிகள்கூட விற்கவில்லை. மனமுடைந்த பெல் விலகினார்; அவரின்றி 1974இல் வந்த ‘ரேடியோ சிட்டி’ தொகுப்பின் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’, மூன்றே நிமிடத்துக்குள் முடியும் பாப் பாடலின் இலக்கணமாக இன்று போற்றப்படுகிறது என்றாலும், அதற்கும் அதே கதிதான் நேர்ந்தது.

விலகிய பெல் தனியே பதிவுசெய்த ‘ஐ ஆம் தி காஸ்மாஸ்’ பாடலை லண்டனுக்கு எடுத்துச் சென்று, எமெரிக்கிடம் மிக்ஸிங்குக்குக் கொடுத்தார். தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளப் பெரிய வார்த்தைகளில் தொடங்கும் ஒருவர், அந்தத் தேறுதல் உதவவில்லை என்று அடுத்த மூச்சிலேயே ஒப்புக்கொள்ளும் பாடல் அது. இதில் வாசிப்பு ‘வித்தவுட் யூ’வின் இறுக்கத்துக்கு நேர் எதிரானது: கிட்டார்கள் கனத்து இழுபட, குரல் தன் எல்லைக்கு மேலே ஏறிக் கிழிகிறது, அந்தக் கிழிசலை யாரும் தைத்துச் சீர்செய்யவில்லை. இங்கே ஒலிப்பதிவாளரின் திறமை, குறையை மறைப்பதில் இல்லை, அதைக் குறையாகக் கேட்கவிடாமல் இடமளிப்பதில் இருக்கிறது.

சில ஆண்டுகள் வெளியிட ஆளின்றிக் கிடந்த அந்தப் பாடலை 1978இல் கார் ரெக்கார்ட்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் தட்டாக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று பெல் கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 27. அவருடைய பாடல்கள் முழுத்தொகுப்பாக வெளிவர 1992 ஆயிற்று. 1978ஆம் ஆண்டுத் தட்டின் மறுபக்கத்தில் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ என்ற மெல்லிய பாடல் இருக்கிறது. மரக் கிட்டாரும் பெல்லின் தணிந்த குரலுமாகச் செல்லும் அதில், பல்லவி வரும் இடத்தில் மேலே இன்னொரு குரல் வந்து சேர்கிறது. அது அலெக்ஸ் சில்டனுடைய குரல்.